மணிக்கட்டு

செவ்வாய் இரவுகளில்
ஓடென்ஸ நகரில், ஒரு சைக்கிள் கடையின் மாடியில்
நாங்கள் நான்கு பேர்
ரோபோ செய்திகளுக்குத் தலைப்பு வைக்கிறோம்.
சம்பளம் கிடையாது.
காப்பி டப்பாவில்கூட அவரவர் காசுதான்.

எஸ்பன் பகலில் பேருந்து ஓட்டுகிறான்.
விபேகே பல்செட் செய்கிறாள்,
மெழுகு வாசனையோடுதான் படியேறுவாள்.
மால்தே மூன்று வருடமாகப்
படிப்பை முடிக்கப்போகிறான்.
நான் எண்களைச் சரிபார்ப்பவள்.
எடை எவ்வளவு, வேகம் எவ்வளவு.
‘உலகிலேயே முதல்’ என்று வந்தால்
எந்த உலகம் என்று கேட்டு எழுதுவேன்.
பதில் வராது. அடித்துவிடுவேன்.

பிப்ரவரியில் ஒரு நிறுவனம் அனுப்பியது:
சலவைக்கூடத்தில் ஒரு ரோபோ
நாற்பது சட்டைகளைத் தானாக மடித்தது.
கூடவே ஒன்பது நிமிடக் காணொளி.
வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கை, வெள்ளைச் சுவர்.
மால்தே கைதட்டினான்.
காலரைத் திருப்பி, கையை உள்ளே இழுத்து,
பித்தான் வரிசையைத் தடவிப் பார்த்து

தடவிப் பார்த்து?

ஆறாவது சட்டை முடிந்ததும்
“நிறுத்து” என்றாள் விபேகே.
“பின்னால் போ. இன்னும் கொஞ்சம். அங்கே.”

இடது மணிக்கட்டு
ஒருமுறை உதறிக்கொண்டது.

எண்ணெய் போட்ட மூட்டுக்கு உளைச்சல் ஏது?
பதினொன்றாவது சட்டைக்குப் பிறகும் உதறியது.
பதினேழில் இரண்டு முறை.
நாங்கள் நான்கு பேரும்
அவரவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு
உட்கார்ந்திருந்தோம்.

கேட்டு எழுதினேன்.
“சிறு வழிகாட்டல் இருந்தது” என்று
புன்னகைக் குறியோடு பதில்.
சிறு என்றால் எவ்வளவு என்று எழுதினேன்.
அதற்கு ஒன்றும் வரவில்லை.

வியாழக்கிழமை வேறொருத்தி எழுதினாள்,
ஜார்ஜியாவில் குட்டாய்ஸி என்ற ஊரிலிருந்து,
தப்பும் தவறுமான ஆங்கிலத்தில்,
தப்பே இல்லாத விவரங்களோடு:
கண்ணில் மாட்டும் பெட்டி, கம்பி வைத்த கையுறை,
ஒரே அறையில் ஆறு பெண்கள், ஒரு ஹீட்டர்.
‘பித்தானைத் தொட்டுப் பார்ப்பது என் பழக்கம்.
வேண்டாம் என்றார்கள். கை கேட்கவில்லை.
பெயரைப் போடாதீர்கள்.’

அன்று மாடியில் சண்டை.
எல்லாவற்றையும் போடு, ஹீட்டர் உட்பட, என்றான் எஸ்பன்.
‘தானாக’ என்பதை மட்டும் எடுத்தால் போதும் என்றான் மால்தே.
விபேகே சொன்னாள்:
“பிடுங்கிய பல்லின் இடம்
நாக்குக்குத் தெரியும்.
வாசிக்கிறவனுக்குத் தெரியாது.”

நான் வாயைத் திறக்கவில்லை.
டேனிஷில் வினைச்சொல் யாரையும் காட்டிக்கொடுக்காது.
என் நோட்டின் ஓரத்தில்
தமிழில் எழுதிப் பார்த்தேன்.
மடித்தது.
மடித்தாள்.
நடுவில் நிற்க ஒரு கால் வைக்கக்கூட இடமில்லை.
‘மடிக்கப்பட்டன’ என்று ஒன்று இருக்கிறது,
அரசாங்கக் கடிதங்கள் ஒளிந்துகொள்ளும் இடம்.

கடைசியில் இப்படிப் போட்டோம்:
தொலைவிலிருந்து ஒருவர் இயக்க,
ரோபோ நாற்பது சட்டைகளை மடித்தது.
ஒருவர்.
அந்தச் சொல்லைப் போர்த்திக்கொண்டு
அவள் உள்ளே உட்காரட்டும் என்று.

மே மாதக் கண்காட்சிக்கு
நிறுவனம் எங்களை அழைக்கவில்லை.
அந்த வரியைக் குறிப்பிட்டு எழுதியவர்கள் இரண்டு பேர்,
அதில் ஒருவர் காற்புள்ளியைப் பற்றி.

ஜூனில் புதுக் காணொளி.
அறுபது சட்டைகள். அதே வெள்ளை.
நாற்காலிகளை இழுத்துப்போட்டு
மணிக்கட்டையே பார்த்திருந்தோம்.
உதறவில்லை.
இயந்திரம் கற்றுக்கொண்டதோ,
வலிக்காத மாதிரி இருக்க அவள் கற்றுக்கொண்டாளோ,
கையுறைக்குள் இப்போது வேறு கையோ.
குட்டாய்ஸிக்கு எழுதினேன்.
முகவரி இல்லை என்று திரும்பி வந்தது.

“என்ன போட?” என்றான் எஸ்பன்.
விடிந்தால் முதல் பேருந்து அவனுடையது.
மால்தே கோப்பைகளைக் கழுவப் போய்விட்டான்.

ஐம்பத்துமூன்றாவது சட்டையில்
விபேகே ஒன்றும் சொல்லாமல் நிறுத்தினாள்.

வெள்ளை விரல் ஒன்று
பித்தான்களின் மேல் போய்க்கொண்டிருந்தது,
மேலிருந்து கீழே,
ஒன்றையும் விடாமல்.